தம்பி சட்டை போட்ட அண்ணன்

லிஃப்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் எந்த மாடி என்று பொத்தானைத் தேடுவார்கள். அவள் முதலில் பக்கவாட்டுத் தகட்டைத் தட்டுவாள். கதவு மூடும்போது தலையைச் சாய்த்துக் கேட்பாள். பெரிய கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. "நல்லாத்தான் ஓடுதும்மா" என்று எந்தக் காவலாளி சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். நன்றாக ஓடுவதாகச் சொன்ன லிஃப்டுகளில்தான் கம்பிவடம் நைந்து நூல் நூலாகத் தொங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்குத் 'தட்டிப்பார் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒரு நாள் அவளே அந்தப் பெயருக்குத் திரும்பி "என்ன?" என்று கேட்டுவிட்டதால் அப்புறம் நேரிலேயே கூப்பிட்டார்கள்.

அந்தக் குணம் வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வேறு ஊரில் வேலைக்குப் போயிருக்கும் மகள் தொலைபேசியில் "நல்லா இருக்கேம்மா" என்றால், அந்தக் குரலையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

அவளுக்கு நேர் எதிர் அவள் கணவர். ரயில் நிலையத்தில் பயணிகள் தொலைத்த பொருள்களைச் சேர்த்துவைக்கும் அறைக்குப் பொறுப்பாளர். "அந்தக் கறுப்புக் குடை என்னுது சார்" என்று யார் வந்து நின்றாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். "கறுப்புக் குடையைத் தொலைச்சவன்தானே கறுப்புக் குடை கேட்டு வருவான்?" என்பது அவர் கட்சி. இந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பது சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கம்பெனி கொடுத்த சின்ன மோட்டார் சைக்கிளில் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய காலத்தில், ஒரு சிக்னலில் அவள் பக்கத்தில் ஒரு க்ரூஸர் வந்து நின்றது. நீண்ட உடம்பு, தாழ்ந்த இருக்கை, கால்களை முன்னால் நீட்டிச் சாய்வு நாற்காலியில் சாய்ந்ததுபோல் ஓட்டுகிற வண்டி. அதன் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சுக்குள் விழுந்தது. பச்சை விளக்கு எரிந்த பிறகும் அவள் நகராமல் நின்று, பின்னால் வந்தவனிடம் வசவு வாங்கினாள். மகளும் தன் காலில் நின்றாயிற்று. இனி வாங்கலாம் என்று மனசு சொன்னது. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. பழைய வண்டிதான். பழையது என்றதும் அவளுடைய சந்தேகம் கையை முறுக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது.

அதனால் முதலில் வண்டி பார்க்கப் போகவில்லை. வண்டிகளைத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனாள். அவள் கேட்ட வண்டியைக் கம்பெனி இரண்டு அளவில் செய்திருந்தது. டாங்க், ஹேண்டில்பார், விளக்கு எல்லாம் ஒரே அச்சு. எஞ்சின்தான் ஒன்றில் பெரியது, ஒன்றில் சின்னது. சந்தையில் பெரியதை அண்ணன் என்றும் சின்னதைத் தம்பி என்றும் சொல்வார்கள்.

"அக்கா, டாங்க்ல பேர் போட்டிருக்கிற பேட்ஜை மட்டும் நம்பிடாதீங்க" என்றார் பட்டறைக்காரர். "அது ரெண்டு ஸ்க்ரூதான். கழட்டி மாட்ட டீ குடிக்கிற நேரம் போதும். தம்பிக்கு அண்ணன் சட்டையை மாட்டி விக்கிற ஆளுங்க நிறைய. பின்சக்கரத்தைப் பாருங்க. அண்ணனுக்குப் பின்னாடியும் டிஸ்க் பிரேக். தம்பிக்கு வெறும் டிரம். ஓட்டிப் பாருங்க. தம்பிக்கு நாலு கியர், அண்ணனுக்கு அஞ்சு. அப்புறம் ஹேண்டிலை முழுசா இடப்பக்கம் திருப்பினா கழுத்துல நம்பர் அடிச்சிருக்கும். அந்த நம்பர் எந்த எழுத்துல ஆரம்பிக்குதுன்னு பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும். அந்த இடத்துல தேய்ச்ச தடம் இருந்தா ஒரு வார்த்தை பேசாம நடையைக் கட்டுங்க."

அண்ணன் கிடைப்பது அரிதாக இருந்தது. கிடைத்தவையும் சட்டை மாற்றிய தம்பிகள்தான். ஒருவன் கியர்களை எண்ண விடாமல் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். இன்னொருவன் தன் அப்பாமேல் சத்தியம் செய்தான். அப்பா பக்கத்திலேயே நின்று தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் தம்பியே போதும் என்று அவள் இறங்கி வந்த சமயத்தில், கணவர் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். மூக்குக்கண்ணாடி விற்கும் கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் தம்பியை விற்கிறார். ஒரே கையில் ஓடியது.

"தம்பியைத் தம்பின்னே சொல்றார் பாரு. நல்ல மனுஷன்" என்றார் கணவர்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அவள்.

இருவரும் தேடிப் போன அந்த வீடு மரங்கள் உள்ள அமைதியான தெருவில் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர். வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். மூட்டு வலி, இனி பிரேக்கை அழுத்திப் பிடிக்க முடியாது, அதனால் விற்கிறேன் என்றார். காரணம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கண் வீட்டு ஜன்னல் பக்கம் ஓடியதை அவள் குறித்துக்கொண்டாள்.

வண்டி பின்புறக் கொட்டகையில் நின்றது. வலது பக்கம் சுவரோடு ஒட்டி, அந்தப் பக்கம் முழுக்க ஒரு பழைய போர்வை. இடது பக்கம் பளபளவென்று இருந்தது. பேட்ஜில் தம்பியின் பெயர்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் பாக்கலாமா?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதாங்க" என்றார் அவர்.

இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் வண்டி உலகத்தில் இல்லை. அவள் எதுவும் சொல்லாமல் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் கையை விட்டுப் பின்சக்கரத்தைத் தடவினாள். விரலில் வட்டமான, வழவழப்பான, விளிம்பில் ஓட்டைகள் போட்ட தகடு பட்டது. டிஸ்க்.

அவளுக்குப் பொறி தட்டியது. தம்பிக்கு ஏது பின்னால் டிஸ்க்?

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். கண்ணாடிக்கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க ஸ்டார்ட் பண்ணாதீங்க. தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போயிடலாம். வீட்ல அவளுக்குத் தலைவலி. சத்தம் ஆகாது."

அதே நேரம் வீட்டுக்குள் தையல் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் ஒரு பெண் குரல் உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. தலைவலிக்காரியின் லட்சணம் இதுவா என்று நினைத்தபடி வண்டியைத் தள்ளினாள். அவள் கணவரும் பின்னால் ஒரு கை கொடுத்தார். அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

முனையில் ஸ்டார்ட் செய்தாள். வெளிவட்டச் சாலைக்குப் போய் மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கால் நுனியால் இன்னொரு தட்டு. ஐந்தாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. சாலையோரம் நிறுத்தி, ஹேண்டிலைத் திருப்பி, டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தாள். எழுத்து அண்ணனுடையது. தேய்த்த தடம் கிடையாது. எஞ்சின் நம்பரும் சுத்தம். சந்தேகமே இல்லாமல் அண்ணன். தம்பியின் சட்டையில், தம்பியின் விலைக்கு.

வேறு யாராக இருந்தாலும் அதிர்ஷ்டம் அடித்தது என்று குதித்திருப்பார்கள். அவள் இன்னொரு முறை டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தாள். ஏமாற்றுகிறவன் பொருளைப் பெரிதாக்கித்தான் சொல்வான். குறைத்துச் சொல்கிறவனுக்கு என்ன அவசியம்? விலையைப் பற்றிக் கவலைப்படாமல் சீக்கிரம் கைமாற்றிவிடத் துடிக்கிறவன் யார்?

முனையிலேயே எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததும் கேட்டாள். "சார், இது தம்பி இல்லையே…"

"உஷ்!" கண்ணாடிக்கடைக்காரர் அவள் வாயைப் பொத்தாத குறை. "மெதுவா… மெதுவா பேசுங்க. வேணும்னா எடுத்துக்குங்க. எதுவும் கேக்காதீங்க."

ஜன்னல் திரை விலகி மூடியது. அவள் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, கணவரைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"திருட்டு வண்டி" என்றாள் தெருவுக்கு வந்ததும்.

"கண்ணாடிக்கடை வச்சிருக்கிற மனுஷன் ஏம்மா வண்டி திருடப் போறார்?"

"கண்ணாடிக்கடை வச்சிருந்தா திருட மாட்டாங்களா?"

"பாவம், கையில பட்டை கட்டியிருக்காரு."

"பட்டையைக் கழட்டிப் பாத்தீங்களா நீங்க?"

அன்று மாலையே பட்டறைக்காரரிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தம்பி சட்டை போட்ட அண்ணனா? என் சர்வீஸ்ல கேள்விப்பட்டதே இல்லக்கா. ஒண்ணு திருட்டு, இல்ல அந்த வண்டியில ஏதோ நடந்திருக்கு. தள்ளியே இருங்க."

தள்ளி இருக்க அவளால் முடியவில்லை. ஒரு லிஃப்டில் சத்தம் வருகிறது, காரணம் தெரியவில்லை என்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வாகனப் பதிவு அலுவலகத்தில் தெரிந்தவர் மூலம் நம்பரைச் சரிபார்த்தாள். திருட்டுப் புகார் இல்லை, விபத்து இல்லை, முதலிலிருந்தே கண்ணாடிக்கடைக்காரர் பெயர்தான். குழப்பம் இன்னும் கூடியது. தன் வண்டியைத் தானே ஏன் ஒருவன் ஒளித்துவைக்க வேண்டும்?

மறுநாள் மதிய இடைவேளையில் நேராக அவர் கடைக்கே போய்விட்டாள். சட்டங்கள் மாட்டிய சுவர்களிலிருந்து நூறு ஜோடிக் கண்ணாடிகள் அவளையே பார்த்தன. கடையில் வேறு ஆள் இல்லை.

"சார், மென்னு முழுங்காம சொல்லுங்க. இல்லன்னா வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவர் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரி விபத்து வார்டுல நர்ஸா இருந்தவ. வண்டி வாங்கணும்னு சொன்னப்போ, 'வார்டுக்கு வர்றது எல்லாம் பெரிய வண்டிக்காரங்கதான். வாங்கினா சின்னது வாங்குங்க'ன்னு சொல்லி சத்தியம் வாங்கிட்டா. நானும் மனசாரத்தான் பண்ணினேன். மறுநாள் கடைக்குப் போனேன். சின்னதைத்தான் பாத்தேன். பக்கத்துல பெரிசு நின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க? ஊருக்கெல்லாம் கண்ணு சரிபண்றவன். எனக்குக் கண்ணு போயிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. "இது கதையா இருக்கலாம். உண்மைன்னா கழட்டின பேட்ஜ் எங்க?"

அவர் எழுந்து, லென்ஸ் துடைக்கும் துணிகள் வைத்திருந்த இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அண்ணனின் பேட்ஜ், கீறல் இல்லாமல் மின்னியது. "ரெண்டு மூணு நாள் பொறுத்துக்குங்க. வண்டி போயிட்டா பொய்யும் அதுகூடவே போயிடும். இந்த வயசுல அவகிட்ட வாங்கிக் கட்டிக்க எனக்குத் தெம்பு இல்ல."

முக்கால்வாசி நம்பினாள். மீதிக் கால்வாசியோடுதான் ஞாயிற்றுக்கிழமை கணவரோடு வண்டி எடுக்கப் போனாள்.

கண்ணாடிக்கடைக்காரர் உபரிச் சாவியைத் தேடி உள்ளே போனார். அவள் கணவர் முன்வாசலில் பக்கத்து வீட்டுக்காரரோடு உலக விவகாரம் பேசிக்கொண்டிருந்தார். கொட்டகையில் தனியாக நின்றவளிடம், கையில் அளவு நாடாவோடு ஒரு பெண்மணி வந்தாள். திடமான உடம்பு, நேரான பார்வை. கதவைப் பாதி சாத்தினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த வண்டியை வச்சு என் வீட்டுக்காரர் எதை மறைக்கிறார்?"

"ஏன் அப்படிக் கேக்குறீங்க?"

"ஞாயித்துக்கிழமையானா தனியாத்தான் போவார். ஒரு நாள்கூட என்னைப் பின்னாடி உக்கார வச்சதில்ல. கேட்டா சீட் சரியில்லம்பார். மெக்கானிக் ஃபோன் பண்ணினா மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவார். அது மெக்கானிக்தானான்னு…" அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "யாரோ ஒருத்தி இருக்கான்னு தெரியும். கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு கேக்கல. இத்தனை வருஷமா கேக்கல."

சந்தேகம் என்றால் என்ன என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று தட்டிப்பார் அக்கா இதுவரை நினைத்திருந்தாள். அவளாவது எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிடுகிறாள். இந்த அம்மாள் தட்டாமலே சுமந்திருக்கிறாள்.

"பொம்பளை யாரும் இல்லம்மா. அதை நான் உறுதியாச் சொல்றேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" பார்வை கூர்மையானது. "வியாழக்கிழமை மத்தியானம் நீங்க ஏன் அவர் கடைக்குத் தனியா போனீங்க? எதிர்க்கடையில என் தங்கச்சிதான் வேலை பாக்குறா."

ஊரையே சந்தேகப்பட்டவள்மேல் சந்தேகம் விழுந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. காது மடல் சூடாகியது. உண்மையைச் சொன்னால் அவர் மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் இந்தப் பெண் சாகும்வரை ஓர் இல்லாத பெண்ணோடு குடும்பம் நடத்துவாள். அவர் வாயாலேயே வரட்டும் என்று முடிவு செய்தாள்.

சாவியோடு கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே வந்தார்.

"சார்," என்றாள் அவள், "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அவர் மனைவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ஓட வழியில்லை. "இது… சின்னது இல்லம்மா" என்றார்.

"எது?"

"வண்டி. பெரிசு. வாங்கினதே பெரிசுதான்."

நர்ஸம்மாள் வண்டியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெல்ல, "அவ்வளவுதானா?" என்றாள். "வேற யாரும் இல்லையா?"

"வேற யாரு?" அவர் நிஜமாகவே விழித்தார்.

"ஒரு இரும்புக்கு… ஒரு இரும்புக்கா நான் இத்தனை வருஷம்…" முடிக்காமல் விறுவிறுவென்று உள்ளே போனாள். கதவு அறைந்து மூடியது. கண்ணாடிக்கடைக்காரர் சாவியை வைத்துக்கொண்டு தொலைந்த பொருள் மாதிரி நின்றார். வியாபாரம் கெட்டது என்று இவளும் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. நர்ஸம்மாள் செருப்பை மாற்றி ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கணவரைத் தாண்டி இவளிடம் வந்தாள். "நீங்க நல்லா ஓட்டுவீங்களா? என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க. அப்படி இதுல என்னதான் இருக்குன்னு நான் பாக்கணும்."

இந்தத் தடவை கொட்டகையிலேயே ஸ்டார்ட் ஆனது. தெருவே அதிர்ந்தது. வெளிவட்டச் சாலைவரை நர்ஸம்மாளின் விரல்கள் இவள் இடுப்பில் பிடித்த பிடியில் அந்த இடம் மறுநாள் கன்றிப்போனது. ஐந்தாவது கியர் விழுந்ததும் அந்தப் பிடி தளர்ந்தது. கண்ணாடியில் பார்த்தாள். நர்ஸம்மாள் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "திரும்பிடலாமா?" என்று இவள் கத்தினாள். "இன்னும் கொஞ்சம்" என்று பதில் வந்தது. இப்படி மூன்று தடவை கேட்டு, பெட்ரோல் பங்க் தாண்டித்தான் திரும்பினார்கள்.

வீட்டு வாசலில் இரண்டு கணவர்களும் கவலையோடு நின்றார்கள். நர்ஸம்மாள் இறங்கினாள். முடி கலைந்து பறவைக்கூடு மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு" என்றாள் தன் கணவரிடம்.

அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது. அவள் குரல் அப்படி உடைந்திருந்தது. "இவ்வளவு நல்லா இருக்குன்னா, இத்தனை ஞாயித்துக்கிழமையும் நீங்க மட்டும் தனியா போயிருக்கீங்க. பெரிசு வாங்கினதைக்கூட மன்னிச்சுருவேன். அதை எப்படி மன்னிக்கிறது?"

வண்டியைக் கொடுக்கும்போது மனைவியே சாவியை வாங்கி இவள் கையில் வைத்தாள். கண்ணாடிக்கடைக்காரரோடு ஒரு மாதம் பேசவில்லை என்று பிற்பாடு அந்த எதிர்க்கடைத் தங்கை மூலம் தெரிந்தது. அப்புறம் பேசினாளாம். பேச ஆரம்பித்த பிறகு, பேசாத காலமே தேவலை என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினாராம்.

அன்று வீடு திரும்பும்போது அவள் கணவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். "நான்தான் முதல்லயே சொன்னேனே, நல்ல மனுஷன்னு."

"நல்ல மனுஷனா? கட்டின பொண்டாட்டியை வருஷக்கணக்கா ஏமாத்தினவர்" என்றவள், போகிற போக்கில் கேட்டாள். "நீங்க எங்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?"

பதில் உடனே வரவில்லை. அந்தச் சின்ன இடைவெளி போதும் அவளுக்கு. வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தாள். "என்ன? இங்கயே சொல்லுங்க."

"ஒண்ணும் பெருசா இல்லம்மா…"

"பெருசு சின்னதெல்லாம் நான் பாத்துக்குறேன். சொல்லுங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வியர்வை. "எனக்கு மோட்டார் சைக்கிள்னா பயம். கல்யாணமான நாள்லேர்ந்து உன் பின்னாடி உக்காரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வர்றேன். உனக்கு இவ்வளவு ஆசை. அதைப் போய் எப்படிச் சொல்றது?"

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். எங்கேயும் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு தூரம், எத்தனை ஊர், இந்த மனிதர் எதையும் பார்க்காமலே தன்னோடு வந்திருக்கிறார் என்று நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கோவமா?" என்றார்.

"மாட்டுங்க ஹெல்மெட்டை. மெதுவாத்தான் போவேன்" என்றாள். "கண்ணைத் திறந்து வைங்க. அடுத்த வளைவுல வலதுபக்கம் ஆறு வரும்."